சோணையா கோயில் பங்காளிகள்

பாண்டி: அவனியாபுரம் இடத்துக்கு பார்ட்டி வந்திருக்கு. ஞாயித்துக்கிழம அட்வான்ஸ் தர்றாராம். பக்கத்துல இருக்க வெள்ளைக்கல் குப்பைமேட்ட எடுத்துட்டு பார்க் வரப்போகுதாம். எல்லாரும் ஆதார் ஜெராக்ஸ் அனுப்புங்க

மீனா: பார்க்னு யாரு சொன்னா

பாண்டி: புரோக்கர்

மீனா: 😂😂

கார்த்தி: பார்க் வந்தா வெல ஏறும்ல மாமா. அப்புறம் ஏன் இப்பவே விக்கணும்

பாண்டி: அக்கா, ஒம்மகன சும்மா இருக்கச் சொல்லு

செல்வம்: தம்பி, பொறு. குப்பையக் கிளறி எடுக்குறது மாநகராட்சி. பழைய குப்பைய வரப்பு மாதிரி நீளமா ஒதுக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளிச்சு, புரட்டிப் புரட்டிப் போட்டு, காஞ்சதும் சல்லடையில விடுவாங்க. மண்ணு தனி, கல்லு தனி. பிளாஸ்டிக்கும் கந்தத்துணியும் சிமெண்ட் ஆலைக்கு எரிக்கப் போகும். ஆனா கீழ எறங்குன கசிவுநீர் அங்கயேதான் கெடக்கும். அதப் பாக்க வேண்டியது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். நிலத்தோட வகைப்பாடு வருவாய்த்துறை. மாடி கட்டணும்னா உயரத்துக்கு ஏர்போர்ட் காரங்க தடையில்லாச் சான்று. இத்தன பேரும் ஒண்ணா ஒக்காந்தாத்தான் பார்க்

முத்து துபாய்: அண்ணே சுருக்கமா 🙏

ராஜி: தாசில்தார் ஆபீஸ்ல இருக்கும்போதும் இப்படித்தான். சோறு ஆறிப்போகும்

மீனா: ஏர்போர்ட்னதும் ஞாபகம் வந்துச்சு. முத்து எப்ப வர்ற? கோடாலித்தைலம் தீந்துபோச்சு

செல்வம்: குப்பைக்கிடங்க மூடுனாலும் 15 வருசம் கண்காணிச்சு, வாயுவும் கசிவுநீரும் சரியா இருந்தாத்தான் குடியிருப்பப் பத்தி யோசிக்கலாம்னு, 2026 வரைக்கும் இருந்த 2016 திடக்கழிவு விதியில இருந்துச்சு. சுத்தியும் கட்டடம் வராத பகுதி விடணும்னும் இருந்துச்சு. நம்ம இடம் அதுக்குள்ளயா வெளியவான்னு மொதல்ல பாக்கணும்

கார்த்தி: போன வருசம் புது விதி வந்துச்சே மாமா, கெடுத்தவனே செலவ ஏத்துக்கணும்னு

செல்வம்: அது 2025 ஜூலை. ரசாயனத்தால கெட்ட நிலத்துக்கு. குப்பைமேடு நேரா அதுல வராது

கார்த்தி: வந்தாலும் கேஸ் மதுரைக்காரன் அத்தன பேரு மேலயும்ல போடணும் 😄

ராஜி: நம்ம இடத்துப் போர் தண்ணிய ராத்திரி வாளியில பிடிச்சு வச்சேன். விடிஞ்சு பாத்தா மேல ஆடை கட்டி நிக்குது, வாளி வெளிம்புல செவப்பா கறை. கொய்யாவும் பட்டுப்போச்சு

மீனா: அந்தக் கொய்யாவா? அப்பத்தா வச்சதுல்ல

பாண்டி: ரிங்ரோட்டு இடம் உங்க பங்குக்கு வந்தப்ப எந்த டெஸ்ட்டும் கேக்கலயேண்ணே

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா: யாருடா அழிச்சது

முத்து துபாய்: நான் படிச்சுட்டேன் 🤐

ராஜி: பாண்டி, அதயெல்லாம் குரூப்ல பேச வேணாம்ப்பா

பாண்டி: நான் பொதுவாச் சொன்னேன் மதினி

செல்வம்: தண்ணிய லேபுக்குக் குடுக்குறேன். ரிசல்ட் வரட்டும். அந்தப் பார்ட்டிகிட்டயும் மறைக்காம சொல்லணும்

பாண்டி: சொன்னா ஓடிருவான்

கார்த்தி: அதுக்குத்தான் சொல்லணும் மாமா

பாண்டி: சரி, அட்வான்ஸ அடுத்த வாரம் பாப்போம்னு சொல்றேன். வேணாம்னு சொல்ல மாட்டேன்

மீனா: ஞாயித்துக்கிழம யாரு வீட்ல கூடுறது?

ராஜி: இங்க வாங்க. பாண்டி, வரும்போது நெல்பேட்டையில ஒரு கிலோ கறி

பாண்டி: காசு யாரு மதினி

முத்து துபாய்: 😂😂😂