மறு: கண்மாய்க்கரை ரோடு, தோரண வாயில் – தலைக்கு 10,000

சித்தப்பாவுக்கும் மற்றவங்களுக்கும் வணக்கம்.

கண்மாய்க்கரையில ரோடு போடவும், தோரண வாயில் கட்டவும் தலைக்கு 10,000 கேட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி, பொங்கலுக்குப் போன என் தங்கச்சி அனுப்பின வீடியோவைப் பாருங்க. கண்மாய்த் தண்ணியைத் திறந்து விடுற நடுமடைக்கு மேற்கால, கரையடியில கொட்டாங்கச்சி அகலத்துக்கு ஒரு ஊத்து. அதோட வாயைச் சுத்தி எறும்புப் புத்து மாதிரி மணல் வட்டம். தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா மண்கரைக்கு அது சகஜம். மணலோட வந்தா உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம்.

"ஆபத்தான அணைப் பட்டியல்ல நம்ம கண்மாய் இல்லை"ன்னு தோஹா அண்ணன் எழுதியிருக்கார். எப்படி இருக்கும்? 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல உள்ளதையும், 10 மீட்டருக்கு மேல உள்ளதுல சிலதையும்தான் கணக்குல எடுக்குது. நம்ம கரை ரெண்டு ஆள் உயரம். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 ஹெக்டேர்கூட இல்லாத, ஊராட்சி ஒன்றியம் பார்த்துக்கிற கண்மாய்.

அமெரிக்காவுல நான் இருக்கிற ஓக்லஹோமா மாநிலத்துல வெள்ளத்தைத் தேக்கி மெதுவா விடுற மண்கரைகள் 2,100க்கும் மேல. முதல் கரை 1948ல கிளவுட் கிரீக் ஓடையில கட்டினது. இங்க மூணு வகுப்பு வச்சிருக்காங்க. கரை பலமா இருக்கான்னு பார்த்து வைக்கிற வகுப்பு இல்லை. உடைஞ்சா கீழ என்ன போகும்னு பார்த்து வைக்கிறது. மேய்ச்சல் காடு மட்டும்னா கடைசி வகுப்பு. உயிர் போகும்னா முதல் வகுப்பு. மேய்ச்சல் காட்டுக்குன்னு கட்டின கரைக்குக் கீழ பின்னாடி வீடுகள் வந்துட்டா, அதே கரை முதல் வகுப்புக்கு ஏறிடும்.

கண்மாய் நிறைஞ்சா தண்ணி வழியிற நம்ம கலுங்குக்குக் கீழ முன்னே உளுந்து. இப்போ வீடுகள், நடுவுல அங்கன்வாடி. அந்த மனையை யார் வித்தாங்கன்னு பேசினா போன தடவை மாதிரி ஆயிடும். விடுங்க.

*

தோஹாவிலிருந்து:

தம்பி, பாடம் நல்லாத்தான் இருக்கு. 2019ல கரையில கருவேலம் வெட்டினோமே, விறகு வித்த காசு எங்க? மீன் குத்தகை ரெண்டு வருசக் கணக்கு எங்க? பில் வராம என்கிட்ட இருந்து ஒரு ரூபாய் வராது.

*

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா:

எங்க ஐயா நீராணிக்கம் பார்த்த, கண்மாய்த் தண்ணியையும் கரையையும் காவல் காத்த கரைடா அது. ஐப்பசி அடைமழையில அரிக்கேன் விளக்கோட விடிய விடிய நடப்பார். செருப்புப் போட மாட்டார். ஈரம் காலுக்குத் தெரியணும்பார். அந்தக் கரையை ஆபத்துன்னு எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு நம்ம ஊருக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? தோரண வாயில்ல ஐயா பேர் வருதுன்னுதானே சிலபேருக்கு எரியுது?

*

ஓக்லஹோமாவிலிருந்து:

அண்ணே, விறகுக் காசை விடுங்க. அடிக்கட்டையைப் பிடுங்காம வெட்டினோம். உள்ள வேர் மக்கிப் போனா அந்த வழியாத்தான் தண்ணி வரும்.

சித்தப்பா, ஐயா நடந்தார், சரி. இப்போ யார் நடக்கிறா? என் 10,000 கரைக்கு மட்டும்தான், வாயிலுக்கு இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு மனு தங்கச்சியே எழுதிட்டா. நாளைக்குக் காலையில ஊத்தைச் சுத்தி மணல் மூட்டை அடுக்கப் போறாங்க. ஊத்தை அடைச்சுட வேணாம், சுத்தி வளைச்சுத் தண்ணியை மேல நிக்க விடுங்கன்னு சொல்லியிருக்கேன். மூட்டை தூக்க மேலத்தெருவுல ரெண்டு ஆள் வேணும். யாராவது வீட்டுக்கு போன் போடுங்க.