கொரோனா வார்டில் இருந்தவர்கள், உடன் இருந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூர்க்காரன்:

2021 மே மாதம். அப்பாவுக்கு வயது 63, சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. காய்ச்சல் வந்த தேதியைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தது அம்மாதான், நாங்கள் யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை. நாலைந்து நாள் காய்ச்சல், உடம்பு வலி, வாய்க்கு ருசியே இல்லை, வெந்நீரைக் கொடுத்து ரசம் என்கிறாயா என்று அம்மாவோடு சண்டை. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. சரி, தப்பித்தோம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் நானே போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் ராத்திரி சேரில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரைச் சும்மா விரலில் மாட்டினால் 84. மிஷின் கோளாறு என்று என் விரலில் மாட்டினேன், 98. மறுபடி அவருக்கு, 83. "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். நெஞ்சு அடைக்கவில்லை, இருமல்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு விடுகிறார், ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். ரெண்டு நாளாக அப்படித்தான் பேசியிருக்கிறார், நாங்கள் அதைக் களைப்பு என்று நினைத்துவிட்டோம்.

ஆம்புலன்ஸிலேயே மூன்று மணி நேரம் காத்திருந்து பெட் கிடைத்தது. பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் போன பிறகுதான் 92 வந்தது. சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25க்கு 16. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தொப்பையை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று திட்டிக்கொண்டே படுத்தார், அரை மணி நேரத்தில் 92 என்பது 95 ஆனதை என் கண்ணால் பார்த்தேன். தினமும் வயிற்றில் ரத்தம் உறையாமலிருக்க ஊசி, டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, அதனால் சர்க்கரை 400ஐத் தாண்டி இன்சுலின். ரெம்டெசிவிர் என்கிற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காக மாமா சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசல் வரிசையில் ரெண்டு நாள் நின்றார். டூட்டி டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார்: "கிடைச்சா போடுவோம், கிடைக்கலைன்னா அலையாதீங்க. உங்க அப்பாவைக் காப்பாத்தப் போறது ஆக்சிஜனும் ஸ்டீராய்டும்தான்." அதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்ப் படுக்கையில் 74 வயதுப் பாட்டி ஒருவர், ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு 38 இருக்கும், எந்த வியாதியும் கிடையாது, நல்ல வாட்டசாட்டமான ஆள். பாத்ரூம்தானே என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். திரும்பி வரவில்லை, கதவைத் தள்ளித்தான் தூக்கி வந்தார்கள்.

நைட்டூட்டி:

மேலே எழுதியதைப் படித்தபோது எங்கள் வார்டுதானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நான் ஸ்டாஃப் நர்ஸ், ரெண்டு அலையிலும் டூட்டி பார்த்தேன். அந்த பாத்ரூம் கதை எங்களிடமும் உண்டு. அதற்குப் பிறகு பெட்பேன் வைக்க வெட்கப்படுகிறவர்களிடம் நாங்கள் கெஞ்சுவதை விட்டுவிட்டு அதட்ட ஆரம்பித்தோம்.

மூச்சு முட்டாமலே ஆக்சிஜன் இறங்குவது ஏன் என்று நிறைய பேர் கேட்பார்கள். நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் ரத்தத்தில் கூடுகிற கார்பன் டை ஆக்சைடுதான், ஆக்சிஜன் குறைவதல்ல. இந்த நோயில் ஆரம்பத்தில் கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறிவிடும், அதனால் ஆள் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார், மானிட்டர் 80 காட்டும். இன்னொன்று, நாள் கணக்கு. வூஹானில் முதலில் அட்மிட் ஆன 41 பேரைப் பற்றி 2020 ஜனவரியில் வந்த கட்டுரையிலேயே இது இருந்தது: பாதிக்கு மேல் மூச்சுத் திணறல், அது வந்தது சராசரியாக எட்டாம் நாள். அந்த 41 பேரில் 6 பேர் இறந்தார்கள். எங்கள் கேஸ் ஷீட்டிலும் முதல் கேள்வி "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது" என்பதுதான், உங்கள் அம்மா குறித்து வைத்த தேதி எங்களுக்குத் தங்கம்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. வாட்ஸப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து ரெண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்த இடத்தில் டெக்சா போட்டவர்களில் 29 பேர்தான் இறந்தார்கள், ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. அதைச் சர்க்கரை இருப்பவர் அளவில்லாமல் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஜூனில் கன்னம் வீங்கி, கண் மூடிப்போய், கருப்புப் பூஞ்சை என்று வந்தவர்களிடம் விசாரித்தால் முக்கால்வாசி இந்தக் கதைதான். ஒரு கண்ணை எடுத்த பிறகு பிழைத்த அக்கா ஒருவர் இன்னமும் பொங்கலுக்கு எனக்கு போன் பண்ணுவார்.

மதுரை மீனு:

எங்கள் அப்பத்தாவுக்குக் காய்ச்சலே கிடையாது. 81 வயது. திடீரென்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டது, ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் செத்துப்போன தாத்தாவோடு பேச ஆரம்பித்தது. வயசாயிருச்சு, புத்தி தடுமாறுது என்று சும்மா இருந்துவிட்டோம். டாக்டரிடம் போனபோது ஆக்சிஜன் 71. வயதானவர்களுக்கு இது இப்படியும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. முகத்தை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை, பையில் கண்ணாடி மாதிரி ஒரு இடம் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தஞ்சாவூர்க்காரன்:

மீனு, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பா இப்போது எப்படி என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: 19 நாள் வார்டில் இருந்தார், டிஸ்சார்ஜ் ஆனபோது எடை 9 கிலோ குறைந்திருந்தது. வீட்டில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மிஷின், அது ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அதுவும் திரும்பி வந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை போய் இன்சுலின் நிரந்தரமானது. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள அந்த பிளாஸ்டிக் கருவியை வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா, அதை இன்னும் தூக்கிப் போடவில்லை. என் பெண் உறிஞ்சினால் மூன்றும் ஒரே மூச்சில் ஏறிவிடும். அப்பாவுக்கு ரெண்டு ஏறும், மூன்றாவது கொஞ்சம் ஆடிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.