38 டார்பிடோ, ஒரு கோப்பை விஸ்கி: எது பெரிய ஓட்டை?

கணக்குப்பிள்ளை:
ஸ்டார் ட்ரெக் வாயேஜர் விண்வெளித் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல், ஆளை அணு அணுவாகப் பிரித்து வேறிடத்தில் சேர்க்கும் கருவி, இதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அது ஆட்டத்தின் விதி, ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வாயேஜர் கப்பலில் 38 ஃபோட்டான் டார்பிடோதான் (எதிரிக் கப்பல்மேல் ஏவும் குண்டு) இருக்கிறது, தீர்ந்தால் வேறு கிடைக்காது என்று முதல் சீசனில் வசனமே வருகிறது. ஊரிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பலுக்கு எவ்வளவு அருமையான நெருக்கடி! ஏழு சீசன் முடிவதற்குள் 38-ஐ எப்போதோ தாண்டிச் சுட்டுவிட்டார்கள். மீதி எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசுவதில்லை. ஒரு வாரம் பாதிக் கப்பல் எரியும், அடுத்த வாரம் பளபளவென்று நிற்கும். அறிவியல் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், தான் சொன்னதையே மறக்கும் கதையைப் பொறுக்க முடியாது என்பது என் கட்சி.

ஈர்ப்புவிசை:
டார்பிடோ எண்ணுவது கிடங்குக் கணக்கு, ரசனை இல்லை. அறிவியலைக் கைவிட்டதால்தான் அந்தக் கணக்கே தேவைப்படுகிறது என்பதை யோசித்தீர்களா? த எக்ஸ்பான்ஸ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தூரம் வரை எஞ்சின் முடுக்கும், பிறகு கப்பலைத் திருப்பி மீதித் தூரம் முழுக்க வேகத்தைக் குறைக்கும். எஞ்சின் ஓடும்வரைதான் காலடியில் எடை. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு செய்தி போய்ச் சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். இதையெல்லாம் கதாசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. இயற்பியலைப் பிடித்துக்கொண்டால் தொடர்ச்சி தானாக வரும்.

பழைய ரசிகை:
அப்படியா? அப்போ அதே தொடரில் துப்பறிவாளர் மில்லர் விஸ்கி ஊற்றும் காட்சிக்குப் போகலாம். சீரிஸ் (Ceres) என்ற குறுங்கோளைச் சுழலவைத்து, உள்ளே குடைந்த நகரத்தில் மனிதர்கள் தலையை மையத்தின் பக்கம் வைத்து வாழ்கிறார்கள். கோப்பையில் ஊற்றும் விஸ்கி அழகாக வளைந்து விழுகிறது. கோரியோலிஸ் விளைவு (சுழலும் இடத்தில் விழும் பொருள் பக்கவாட்டில் விலகுவது) என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சீரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். அங்கே பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒரு முறை சுழல வேண்டும். (இப்போது ஒரு சுற்றுக்கு 9 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.) 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது கோரியோலிஸைப் பொறுத்தவரை ஆமை வேகம். ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் விஸ்கி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் விலகும். கண்ணுக்கே தெரியாது. சின்னச் சுழல் நிலையத்தில் வைத்திருந்தால் அந்தக் காட்சி சரி. இவ்வளவு பெரிய பாறையில் தப்பு.

அதைவிடப் பெரிய சங்கதி: சீரிஸின் சொந்த ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் வெறும் 3 சதவீதம். வெளியே தள்ளும் விசை அதைப்போல் பத்து மடங்கு. பனியும் களிமண்ணும் கலந்த அந்தக் கோள் பிய்த்துக்கொண்டு போய்விடும். நகரமும் இருக்காது, மில்லரும் இருக்கமாட்டார்.

ஈர்ப்புவிசை:
கணக்கு சரி, முடிவு தலைகீழ். உங்களால் இதைத் தப்பென்று நிரூபிக்க முடிகிறதே, ஏன்? தொடர் இயற்பியல் மைதானத்தில் இறங்கி ஆடுவதால். ட்ரெக்கில் ஆளைப் பிரித்துச் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டரில், துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற ஹைசன்பர்க் விதியைச் சமாளிக்க ஹைசன்பர்க் காம்பன்சேட்டர் என்று ஒரு பாகம் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, தொடரின் கலைக்குழுவில் இருந்த மைக்கேல் ஒகுடா ‘நன்றாகவே வேலை செய்கிறது’ என்கிற மாதிரி பதில் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே உங்கள் கால்குலேட்டருக்கு வேலையே இல்லை, பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வேலை இல்லையா? இதோ. பழைய ஸ்டார் ட்ரெக் தொடரில் 1969-இல் வந்த ஒரு எபிசோடில் என்டர்பிரைஸ் கப்பல் 990.7 ஒளியாண்டு தூக்கி எறியப்படுகிறது. வார்ப் 8.4 வேகத்தில் (வார்ப் என்பது ஒளியை மிஞ்சும் வேகத்துக்கு அவர்கள் வைத்த அளவு) திரும்பிவர பதினொன்றரை மணி நேரம் ஆகும் என்கிறார் ஓட்டுநர். எதிலும் துல்லியம் பார்க்கும் அதிகாரி ஸ்போக் விடுவாரா? 11.337 மணி என்று திருத்துகிறார். அந்த வேகத்தில் போனால் வாயேஜர் 70,000 ஒளியாண்டைக் கடக்க 33 நாள் போதும். ஆனால் அதற்குப் பல தலைமுறை பிந்திய, நவீனமான வாயேஜருக்கு உச்ச வேகத்தில் 75 ஆண்டு ஆகும் என்கிறார்கள். ஒரு முழுத் தொடரின் அஸ்திவாரமே அந்த ஒற்றை வசனத்தில் ஆடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஐன்ஸ்டீன் வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஈர்ப்புவிசை:
ஸ்போக் தசமத்தில் திருத்தாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். :)

பழைய ரசிகை:
இரண்டு பேருமே ஒன்றை மறக்கிறீர்கள். ஓட்டையைவிட மோசமானது ஓட்டையை அடைக்கப் போடும் சப்பைக்கட்டு. பழைய தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கு நெற்றி நம்மைப் போலத்தான். 1979 படத்தில் காசு கிடைத்தது, நெற்றியில் மேடு முளைத்தது. யாருக்கும் காரணம் தெரியத் தேவையில்லை, ஒப்பனை வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 1996-இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் குழு காலத்தில் பின்னால் போய்ப் பழைய கிளிங்கான்களைப் பார்க்கும்போது, இது என்ன என்று தங்களோடு இருக்கும் கிளிங்கான் வோர்ஃபிடம் கேட்கிறார்கள். வெளியாட்களிடம் இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரி போதாதா? 2005-இல் என்டர்பிரைஸ் தொடர் இரண்டு எபிசோடு செலவழித்து, மரபணு மாற்றம், வைரஸ் என்று விளக்கம் சொன்னது. 2017-இல் டிஸ்கவரி தொடர் வந்து கிளிங்கான்களின் முகத்தையே மறுபடி மாற்றியது. போட்ட விளக்கம் வீண்.

கணக்குப்பிள்ளை:
அந்த 2005 எபிசோடுகள் எனக்குப் பிடிக்கும். விளக்கத்துக்குள் ஒரு கதை இருந்தது. அதுதான் அளவுகோல். வெறும் ஒட்டு என்றால் நானும் உங்கள் பக்கம்.

வால்மீன்:
அப்போ ட்ரெக்கின் யூஜெனிக்ஸ் போரை (மரபணு மேம்படுத்திய மனிதர்களால் பூமியில் மூண்ட போர்) என்ன செய்வீர்கள்? 1967-இல் ஒளிபரப்பான எபிசோடில் அது 1990-களில் நடந்தது என்றார்கள். 1996-இல் வாயேஜர் குழு அதே 1996-க்குப் பயணம் போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜாலியாக இருக்கிறது, போரின் சுவடே இல்லை. கடைசியில் 2023-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர், காலப் பயணிகள் வரலாற்றில் கைவைத்ததால் அது தள்ளிப்போய்விட்டது என்று சொன்னது. டாக்டர் ஹூ தொடரில் நிலா ஒரு முட்டை என்று 2014-இல் சொன்னதையே தாங்கிக்கொண்டவன் நான், எனக்கு இது தூசு.

பழைய ரசிகை:
இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நிஜ நாட்காட்டி கதையைத் தாண்டிப் போய்விட்டால் கதாசிரியர் பாவம் என்ன செய்வார்?

கணக்குப்பிள்ளை:
மாற்று வரலாறு என்று விட்டிருக்கலாம். அவர்கள் உலகில் 1990-களில் போர் நடந்தது, நம் உலகில் நடக்கவில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் எதிர்காலம்தான் உங்கள் எதிர்காலம் என்று அடம்பிடிப்பதால் வந்த வினை.

ஈர்ப்புவிசை:
சரி, பாபிலோன் 5 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. ஐந்தாண்டுக் கதையை முதலிலேயே திட்டமிட்ட தொடர். முதல் சீசனோடு கதாநாயகன் விலகியும், அவர் விட்டுப்போன காலப் பயண முடிச்சை 1996-இல் அவரையே வரவழைத்து அவிழ்த்தார்கள். உங்களுக்கு வேண்டிய தொடர்ச்சி அதில் இருக்கிறது. எனக்கு வேண்டியதும் இருக்கிறது: நிலையம் சுழன்றுதான் எடை தருகிறது, ஸ்டார்ஃப்யூரி விமானம் முன்னே போய்க்கொண்டே உடம்பைத் திருப்பிப் பின்னால் சுடுகிறது.

பழைய ரசிகை:
அந்த ஸ்டார்ஃப்யூரி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டபோது தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி என்ன சொன்னார் தெரியும்தானே? கதைக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு வேகத்தில் என்றார்.

கணக்குப்பிள்ளை:
அதனால்தான் பிழைத்தார். எண்ணே சொல்லவில்லை. வாயேஜர்காரர்களை யார் 38 என்று சொல்லச் சொன்னார்கள்?

ஈர்ப்புவிசை:
எண் சொல்லாவிட்டால் நெருக்கடியும் இல்லை. அந்த வசனத்தை ‘அருமையான நெருக்கடி’ என்று மேலே எழுதியது நீங்கள்தானே?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், அருமைதான். அதைத்தான் காப்பாற்றச் சொல்கிறேன். 38 என்று சொன்னால் ஒவ்வொன்றாகக் குறையட்டும். பத்து மிச்சம் இருக்கும்போது சுடலாமா வேண்டாமா என்று கேப்டன் தயங்குகிற ஒரு எபிசோடு எழுதியிருந்தால் நான் எதற்கு இங்கே வந்து புலம்பப் போகிறேன்?