கியூ அளவின் வரம்பை ஆவணத்தில் எழுதலாமா?

ஓடைக்கரை: விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் ஆவணத்தில், விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் ஆர்எக்ஸ் கியூ அளவு (உள்ளே வரும் தரவுப் பாக்கெட்டுகளுக்கான வரிசையின் அளவு) பற்றிய பத்தியைப் படித்தேன். இயல்பு மதிப்பு, விஎம்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரைப் பொறுத்தது, வெளியீட்டுக்கு வெளியீடு மாறலாம் என்கிறது. உடனே, 2016 செப்டம்பர் 1 நிலவரப்படி கியூஎமு என்ற ஹைப்பர்வைசர் 256 முதல் 1024 வரை, இரண்டின் அடுக்காக உள்ள எண்ணைத்தான் ஏற்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு மென்பொருளின் வரம்பை இங்கே ஏன் எழுத வேண்டும்? அவர்கள் மாற்றினால் இந்த வரி பொய்யாகிவிடும்.

மேலத்தெரு: எனக்கு அந்த வரி கட்டாயம் வேண்டும். பாக்கெட் இழப்பைக் குறைக்க ஒரு விஎம்மை நிறுத்தி, 2048 என்று போட்டேன். இரண்டின் அடுக்கு என்பதால் சேமிக்கும்போது லிப்விர்ட் ஏற்றுக்கொண்டது. ஸ்டார்ட் கொடுத்தால் கியூஎமு மறுத்துவிட்டது. இரவு 2 மணி, சர்வீஸ் கீழே கிடக்கிறது. அந்தப் பத்தியை முதலில் படித்திருந்தால் இது நடந்தே இருக்காது.

ஓடைக்கரை: பிழைச் செய்தியிலேயே வரம்பு வருகிறதே?

மேலத்தெரு: வருகிறது, ஆனால் விஎம்மை நிறுத்திய பிறகு! ஆவணம் என்பது கை வைப்பதற்கு முன்னால் படிப்பது. வரி பழையதாகிவிடும் என்ற உங்கள் பயத்துக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. தேதி போட்டிருக்கிறார்கள். பழைய எண் என்று படிப்பவருக்கே தெரியும்.

நீலக்குறிஞ்சி: எண்ணை விடுங்கள், அங்கே விளக்கம்தான் போதவில்லை. கியூக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், 4 என்று வைத்துக்கொள்வோம், வேகம் கூடும் என்கிறது. பழைய லினக்ஸ் கர்னல் உள்ள கெஸ்டில் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தில்) ஈத்டூல் என்ற நெட்வொர்க் கட்டளையைக் கொண்டு 4 கியூவையும் நாமே இயக்க வேண்டும். செய்யாவிட்டால் எல்லா பாக்கெட்டும் ஒரே கியூவில்தான் போகும். சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் ஒரு சிபியு மட்டும் திணறுவதைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். உறுதியாகத் தெரியாவிட்டால் ஆர்எக்ஸ் கியூ அளவைத் தொடாதீர்கள் என்றும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உறுதியாகத் தெரிந்துகொள்ளத்தானே ஆவணத்துக்கே வருகிறோம்!

ஓடைக்கரை: கெஸ்ட் பக்கத்து வேலையைச் சேர்க்க வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். வரம்பைப் பொறுத்தவரை, தேதியோடு எடுத்துக்காட்டாக இருக்கட்டும், சரி. விதி போலத் தொனிக்கக் கூடாது. அப்புறம், லிப்விர்ட் எதைச் சோதிக்கும், கியூஎமு எதைச் சோதிக்கும் என்று ஒரு வரி வேண்டும். மேலத்தெரு மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

மேலத்தெரு: அந்த வரியை நானே எழுதி அனுப்புகிறேன்.