புதுப்பிப்பு: உருளைக்கிழங்கு ரொட்டி மாவு இப்போது ஒட்டுவதில்லை

வட அயர்லாந்தில் காலையில் முட்டை, பேக்கனோடு (உப்பிட்ட பன்றி இறைச்சி) சாப்பிடுவார்களே அந்த உருளைக்கிழங்கு ரொட்டி, அதன் மாவு கையில் பசையாக ஒட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன், வழி கிடைத்துவிட்டது. கிழங்குதான் விஷயம். கெர்ஸ் பிங்க் மாதிரி வெந்ததும் பொலபொலவென்று உதிரும் வகையை வேகவைத்து வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஈரம் போக விட்டு, சூடு ஆறுவதற்குள் மசித்துவிட வேண்டும். அரை கிலோவுக்கு 100 கிராம் மைதா, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் போடச் சொன்னவர்களே, தேவைப்படவில்லை! அதிகம் பிசையாமல் வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, எண்ணெய் விடாமல் கனமான இரும்புக் கல்லில் இருபுறமும் சுட வேண்டும். அப்புறம் மிஞ்சியதை மறுநாள் பேக்கன் கொழுப்பில் பொரித்தால், என்னைக் கேட்டால், முதல் நாளைவிட அதுதான் ருசி.