பழைய லொறியில் டீசல் டாங்கி ஒழுக்கு: வெல்டிங் போட்டு ஒட்டினீர்களா, டாங்கியை மாற்றினீர்களா?

வாழைச்சேனை மீன் லொறி:

மீன் ஏற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஐஸ் போட்டு ஏற்றினால் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். அது முதலில் சேசிஸில் விழும், அடுத்தது டீசல் டாங்கியின் தலையில். என்னுடையது பழைய கென்டர் லொறி. டாங்கிக்கு மேலே பெயின்ட் அடித்து அடித்து, பார்க்கிறவர்களுக்குப் புதுசு போலத்தான் தெரியும்.

போன மாரியில் ரிதிதென்னை தாண்டும்போது டீசல் மணம் அடித்தது. நிறுத்திப் பார்த்தால் பின் டயரின் உள்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. டாங்கியைத் துணியால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் முழுக்க ஈரமாகிவிடும், ஓட்டை எங்கே என்று பிடிபடாது. டீசல் அப்படித்தான், தகட்டில் ஊறிப் படரும். சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறொன்று. உதவியாள் பெடியன் பையில் முகப்பவுடர் வைத்திருந்தான். சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, பவுடரைத் தட்டினோம். டாங்கியைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கிவந்தது.

பட்டியைத் தளர்த்தினால் உள்ளே இருந்த மெத்தைத்துணி உப்புச் சேற்றைக் குடித்து ஊறிப்போய்க் கிடந்தது. அதை உரித்தபோது கறள் தட்டுத்தட்டாகக் கழன்று வந்தது, கூடவே ஊசி முனையளவு ஓட்டையும் வெளியே தெரிந்தது. சன்லைட் கட்டியைத் தேய்த்து அடைத்துக்கொண்டு வீடு வந்தேன். சவர்க்காரம் டீசலில் கரையாது, அதனால் நிற்கும். ஆனால் மழைத் தண்ணீர் பட்டால் போய்விடும். அன்றைக்கு நல்ல வேளை, வானம் வெளித்திருந்தது.

இனி என்ன செய்யலாம்? ஒட்டினவர்கள், மாற்றினவர்கள் சொல்லுங்கள்.

சம்மாந்துறை நெல் லொறி:

தம்பி, உங்களுக்கு உப்பு, எங்களுக்கு வயல் வட்டைச் சேறு. ஆனால் என்னுடைய டாட்டா 1210இன் டாங்கி வெளியிலிருந்து கறள் பிடிக்கவில்லை, உள்ளே இருந்துதான் அரித்தது.

2022 எரிபொருள் தட்டுப்பாடு நினைவிருக்கும். வரிசையில் கிடந்து, கியூஆர் பங்கீட்டுக் கோட்டாவில் கிடைத்ததை ஊற்றி, வண்டியை நிறுத்தி வைத்த காலம். அறுவடை நேரத்துக்குத் தேவைப்படும் என்று யாரோ பரலில் வைத்திருந்ததையும் வாங்கி ஊற்றினோம். அந்தப் பரலில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ ஆண்டவனுக்குத்தான் தெரியும். டாங்கி அரைவாசிக்குக் கீழே கிடந்தால் வெறுமையான பக்கத்தில் இரவில் வியர்த்து, அந்தத் தண்ணீரும் டீசலுக்குக் கீழே போய் உட்காரும். அடித்தகடு மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்த மாதிரித்தான். கீழ் நட்டைக் கழற்றினபோது முதலில் வந்தது டீசல் அல்ல, தேயிலைச் சாயம் போல மண்ணிறத் தண்ணீர்.

ஒரு ஓட்டையை ஒட்டினேன், அடுத்த கிழமை பக்கத்தில் இன்னொன்று. உள்ளால் அரித்த டாங்கியை ஒட்டுவது காசுக்குக் கேடு. சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் முழுக்க மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், மெலிந்த இடம் செத்த சத்தம் தரும். ஒரு இடம்தான் அப்படியென்றால் ஒட்டலாம். அடி முழுக்க அப்படியென்றால் வேறு டாங்கி பார்ப்பதே மேல்.

நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய வண்டிச் சாமான் கடையில் ஒரு பழைய டாங்கி எடுத்தேன். அளவு சரி, பட்டியும் பொருந்தியது. ஆனால் உள்ளே இருந்த, டீசல் அளவு காட்டும் மிதவை வேறு வண்டியுடையது, அரை டாங்கி இருக்கும்போதே மீற்றர் காலி என்று காட்டும். நம்முடைய பழைய மிதவையைக் கழற்றி வைத்திருந்து, ஓட்டைகள் பொருந்தினால் அதையே மாட்டுவது நல்லது.

களுவாஞ்சிக்குடி ஒட்டு வேலை:

டாங்கி கொண்டு வருகிற எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். “அண்ணன், டீசல்தானே, பெற்றோல் இல்லையே, அப்படியே ஒரு ஒட்டுப் போட்டுத் தாங்க.” ஊற்றி வைத்த டீசல் ஒரு தீக்குச்சிக்குச் சட்டென்று பற்றாது, அது உண்மை. டாங்கிக்குள்ளே நடப்பது வேறு. வெளியே தகட்டைச் சூடாக்கும்போது உள்ளே கறளிலும் மடிப்பிலும் ஊறியிருக்கிற டீசல் ஆவியாகும். காலி டாங்கி என்றால் அந்த ஆவியோடு கலக்கக் காற்றும் தாராளமாக இருக்கும். நிரம்பின டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்து என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் டாங்கியின் பக்கத்தகடு பிய்ந்து கூரைத் தகட்டில் போய்க் குத்தி நின்றது. ஒட்டினவர் அந்த நேரம் வெல்டிங் கம்பி எடுக்கத் திரும்பியதால் தப்பினார்.

சிலர் லொறியின் புகைக்குழாயில் ஹோஸ் மாட்டி, புகையை டாங்கிக்குள் விட்டுக்கொண்டு ஒட்டுகிறார்கள். புகை இருந்தால் நெருப்புப் பிடிக்காது என்ற எண்ணம். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சுகிற காற்றில் பெரும்பகுதி எரியாமலே வெளியே வருகிறது. அதை உள்ளே விடுவது காற்றை விடுவதற்குச் சமம். தயவுசெய்து இதை யாரும் நம்பாதீர்கள்.

நான் செய்வது இது. டாங்கியை லொறியிலிருந்து இறக்குவேன், லொறியில் வைத்து ஒட்டவே மாட்டேன். மூடி, மிதவை, குழாய்கள் எல்லாம் கழற்றி, கொதிநீரும் சலவைத்தூளும் ஊற்றி, ஒரு துண்டுச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்குவேன். கறள் இளகி வரும். மணம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், இதற்கே அரை நாள் போகும். பிறகு ஓட்டை மேலே வருகிற மாதிரித் திருப்பி வைத்து, ஒட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மற்ற வாய்களைத் திறந்தே விடுவேன். ஆவி சேர இடமிருக்காது. கறள் தின்ற தகட்டின் மேல் நேரே கம்பி பிடித்தால் ஓட்டை பெருக்கும், அதனால் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத் துண்டு வைப்பேன்.

முடிந்ததும் சவர்க்கார நுரை பூசி, காற்றைக் கொஞ்சமாக உள்ளே விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சமாக என்றால் கொஞ்சம்தான், இரண்டு மூன்று பிஎஸ்ஐ அழுத்தம் போதும். டயருக்கு அடிக்கிற மாதிரிக் கொம்ப்ரசரைத் திறந்தால் டாங்கி வயிறு வீங்கிவிடும்.

புது டாங்கி அடிக்கிறதென்றால் கல்வனைஸ் தகடு வேண்டாம். கறள் பிடிக்காது என்று ஆசைப்பட்டுக் கேட்பார்கள். ஆனால் அந்தத் துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து பசை மாதிரி ஆகி ஃபில்டரை அடைக்கும். கறுப்புத் தகடு, உள்ளே தடுப்புத் தகடுகள், மேலே காற்றுத்துளை. காற்றுத்துளையை மறந்துவிட்டு அடித்த டாங்கியால் ஏற்றத்தில் எஞ்சின் நின்று நின்று போன வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று டிப்பர்:

என்னுடையது முழு டாங்கி டீசல் அடித்தால் மட்டும் ஒழுகும். மூன்றாவது கராஜில்தான் கண்டுபிடித்தார்கள், மேலே மிதவை மாட்டியிருக்கும் இடத்தின் கஸ்கட், அதாவது இடுக்கை அடைக்கிற ரப்பர். அதற்கு முதல் யாரோ சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டிருந்தார்கள், டீசல் பட்டு ஊதிக் கொழகொழவென்று கிடந்தது. டீசலுக்குத் தாங்குகிற ரப்பர் கேட்டு வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஒட்ட வேண்டியதே இல்லாத ஒழுக்கும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வாழைச்சேனை மீன் லொறி:

சம்மாந்துறைக் காக்கா சொன்ன மாதிரித் தட்டிப் பார்த்தேன். பட்டிக்குக் கீழே மட்டும்தான் செத்த சத்தம், மற்ற இடமெல்லாம் கணீர். ஒரு துண்டு வைத்து ஒட்டியாகிவிட்டது, இதுவரை ஈரம் இல்லை. பட்டிக்கு அடியில் மெத்தைத்துணியை எடுத்துவிட்டுத் தடித்த ரப்பர் வைத்தேன். பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீருக்கு ஒரு தகரப் பீலி அடித்து, ஹோஸ் போட்டுப் பின் டயருக்கு அப்பால் விட்டிருக்கிறேன்.

ஒட்டு வேலை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஒட்டின பிறகு இரண்டு தரம் ஃபில்டர் அடைபட்டுவிட்டது. கழுவும்போது இளகின கறள்தானா, இன்னும் எத்தனை ஃபில்டர் போக வேண்டும்?

களுவாஞ்சிக்குடி ஒட்டு வேலை:

அந்தக் கறள்தான் தம்பி. ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணத்தோடு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். கிண்ணத்தில் மண்ணிறம் தெரிகிறவரை ஒவ்வொரு நாளும் அடியில் திறந்து விடுங்கள். பிறகு கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.