பார்ஸ்னிப்: நேராக இறங்கவேண்டிய வேர் ஏன் மடங்குகிறது? கண்டதை எழுதுங்கள்

லெஸ்டர் களிமண்:
டாய்லெட் ரோல் குழாயில் முளைக்கவைத்து நட்ட பார்ஸ்னிப்பை (கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு) நவம்பரில் தோண்டியபோது வந்த கோலம் மனசை விட்டுப் போகவில்லை. தோள், அதாவது கிழங்கின் மேற்பகுதி, நல்ல பருமன், நீளம் ஒரு சாண்கூட இல்லை. குழாயின் அடி இருந்த அதே ஆழத்தில், பத்து சென்டிமீட்டரில், வேர் செங்கோணமாக மடங்கி மூன்று கால் விட்டிருக்கிறது. பக்கத்து வரிசையில் நேரடியாக விதைத்தது ஒன்றேகால் அடி நேராக இறங்கியிருக்கிறது. அதே பாக்கெட் விதை, அதே மண். வித்திலை (முளையோடு முதலில் வரும் இலை) இரண்டும் விரிகிற நேரத்திலேயே ஆணிவேர் குழாயின் அடியைத் தொட்டுவிடுகிறது, தட்டில் முட்டித் திரும்புகிறது. முதல் நிஜ இலை வரட்டும் என்று காத்திருந்தால் அவ்வளவுதான். குழாய்தான் வேண்டும் என்பவர்கள் வித்திலை தலைகாட்டிய உடனே, குழாயோடு சேர்த்து, அதன் அடி திறந்திருக்கும்படி நட்டுவிடுங்கள்.

ஹரோ பின்வளவு:
குழாயே வேண்டாம் அண்ணா. ஈரமான கிச்சன் டவலில் விதையைப் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் வைத்தாலே ஒரு கிழமை பத்து நாளில் முளை எட்டிப் பார்க்கும். வெளியே குளிர்மண்ணில் அதற்கு மூன்று நாலு கிழமை எடுக்கும். ஆனால் தினமும் திறந்து பார்க்கவேணும். முளை இரண்டு மூன்று மில்லிமீட்டராக இருக்கும்போது எடுத்துப் புதைத்தால் பிரச்சினை இல்லை. ஒரு நாள் பார்க்காமல் விட்டால் அது சென்டிமீட்டரைத் தாண்டி டவலின் நாருக்குள் புகுந்துவிடும். சாமணத்தால் இழுக்கும்போது வெள்ளை நுனி டவலோடு தங்கிப்போகிறதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த விதையும் முளைக்கும், இலையும் விடும், கிழங்கு மட்டும் இரண்டு காலோடுதான் வரும். அதனால் விதையை இழுக்காதீர்கள், டவலைச் சுற்றி வெட்டித் துண்டோடு புதையுங்கள். தாள் மண்ணில் மக்கிப்போகும்.

ஷெஃபீல்ட் மேட்டுப்பாத்தி:
மேலே இருவரும் சொல்வது சரிதான், ஆனால் இத்தனை சிரமத்துக்கும் தேவையே இல்லை. பார்ஸ்னிப் முளைக்கவில்லை என்று வருகிற புகாரில் பாதி பழைய விதை, மீதி பிப்ரவரி விதைப்பு. பாக்கெட்டில் ‘பிப்ரவரி முதல்’ என்று அச்சடித்திருக்கிறார்களே என்று ஈரமும் குளிருமான மண்ணில் போட்டால் விதை அழுகும். மண் பத்து டிகிரியைத் தொட்ட பிறகு, ஏப்ரல் நடுவில் போட்ட வரிசை பிப்ரவரி வரிசையை ஜூனுக்குள் பிடித்துவிடும். விதையும் வருஷா வருஷம் புதிதாக வாங்கவேண்டும். போன வருஷம் திறந்த பாக்கெட்டில் மிச்சம் இருந்ததைப் போட்ட வரிசை ஒன்று கண்முன் நிற்கிறது: ஐந்து மீட்டர் நீளத்துக்கு முள்ளங்கி மட்டும் பச்சையாக நிற்கிறது, இடையில் ஒரு பார்ஸ்னிப்கூட இல்லை.

முள்ளங்கி ஏன் என்று கேட்பவர்களுக்கு: பார்ஸ்னிப் வருவதற்குள் களை வந்துவிடும், வரிசை எங்கே என்று தெரியாமல் போய்விடும். முள்ளங்கி ஒரு வாரத்தில் முளைத்து அடையாளம் காட்டும், நான்கைந்து வாரத்தில் அறுவடையும் ஆகிவிடும். பிடுங்கும்போது பக்கத்து நாற்று அசையாதபடி ஒரு விரலால் மண்ணை அழுத்திக்கொள்ளுங்கள். விதைப்பது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம், பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு இடம், இடத்துக்கு மூன்று விதை, வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர். முளைத்த பிறகு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கவேண்டாம். காற்றடிக்கிற நாளில் பாக்கெட்டைத் திறக்காதீர்கள். இந்த விதை தட்டையாக, ஓரத்தில் சவ்வோடு இருக்கும், உள்ளங்கையிலிருந்தே பறந்துவிடும். களிமண்காரர்கள் விதையின் மேல் அந்த மண்ணையே தள்ளாமல் சலித்த கம்போஸ்ட்டோ மணலோ போட்டு மூடுங்கள். மழை பெய்து காய்ந்தால் களிமண் மேலே ஓடு கட்டும், பார்ஸ்னிப் முளைக்கு அதை உடைக்கிற பலம் கிடையாது.

கென்ட் கரைவழி:
முளைப்பு, முளைப்பு என்றே பேசுகிறீர்கள். செப்டம்பரில் செழிப்பான இலை, பார்த்தாலே வயிறு நிறையும். மண்ணை விலக்கினால் தோள் முழுக்கச் செம்பழுப்புப் படை, அதன் நடுவில் கறுத்து உள்ளே இறங்கிய அழுகல். கேன்கர் என்கிற நோய் அது. அந்தக் கறுப்பை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது பாதிதான்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதிவைக்கிறேன், இதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். முக்கியக் காரணம் ஒரு பூஞ்சை. கேரட் ஈயின் புழு துளைத்த இடமும் வறட்சிக்குப் பின் பெருமழையில் தோள் வெடித்த இடமும் அதற்கு வாசல். ஈ தாழப் பறப்பது, மே மாத வாக்கில் ஒரு தலைமுறை, கோடைக் கடைசியில் இன்னொன்று. விதைத்த அன்றே நுண்வலை போட்டு ஓரத்தை மண்ணில் புதைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாற்றைக் கலைக்கிற வாசனைக்கு ஈ வரும், வெட்டியதை அங்கேயே போடாதீர்கள். மண்ணின் பி.எச். (புளிப்பு-கார அளவு) 6.5-க்குக் கீழே இருந்தால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே சுண்ணாம்பு போடுங்கள். கோடையில் தோள் வெளியே தெரிந்தால் மண்ணை அணைத்து மூடுங்கள். மழை இல்லாத காலத்தில் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு முறை ஆழமாகத் தண்ணீர், தினமும் தெளிப்பதல்ல. கொழுத்த கிழங்குக்குத்தான் நோய் அதிகம், ஆகவே நோய் வருகிற மண்ணில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி, மே வரை தள்ளி விதைப்பது நல்லது. ரகம் என்றால் அவான்ரெசிஸ்டர், கிளேடியேட்டர். டெண்டர் அண்ட் ட்ரூ ருசியில் மேல், நோயையும் ஓரளவு தாங்கும்.

ஸ்கார்பரோ தோட்டம்:
வலைக்குள் கை விடுகிறவர்களுக்கு ஒன்று. ஜூலை வெயிலில் அரைக்கைச் சட்டையோடு பார்ஸ்னிப் இலைக்கு நடுவே களை பிடுங்கிய கையை இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தெரியும்: தண்டு உரசிய இடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்து கொப்புளம். அலர்ஜி என்று நினைத்துவிடாதீர்கள். தண்டின் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயில் படும்போது வருகிற எரிகாயம் அது, யாருக்கும் வரும். கொப்புளம் ஆறினாலும் கறுத்த தழும்பு மாசக்கணக்கில் நிற்கும். இங்கே கனடாவில், ஒன்டாரியோவில் ரோட்டோரம் மஞ்சள் பூவோடு நிற்கிற காட்டுப் பார்ஸ்னிப்பும் இதே இனம்தான். சட்டப்படி அதைத் தீங்குக்களையாக அறிவித்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, மாலை நேரம். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாளாவது அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிவையுங்கள்.

இன்னொன்று, இங்கிலாந்துக்காரர்கள் ‘உறைபனி விழட்டும், தேவைப்படும்போது தோண்டு’ என்கிறீர்கள். குளிரில் மாவு சர்க்கரையாக மாறுவது உண்மை, ஆனால் இங்கே ஜனவரியில் மண்ணே கல்லாகிவிடும், தோண்டுகிற ஃபோர்க் இறங்காது. மண் உறைவதற்கு முன் ஒரு அடி உயரத்துக்குச் சருகு பரப்பி, இரு முனையிலும் குச்சி நடுங்கள், இலை செத்தபின் வரிசையைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. வசந்தத்தில் புதுத்தளிர் வருமுன் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். தளிர் விட்டால் கிழங்கின் நடுப்பகுதி கட்டையாகிவிடும்.

டார்பி கடப்பாரை:
லெஸ்டர்க்காரரின் மடிப்புக்குக் குழாய் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் களிமண்ணில் நேரடியாக விதைத்தாலும் எல்லாம் நேராக வராது. கல்லும், ஃபோர்க் இறங்காத இறுகிய அடுக்கும் இருந்தால் நுனி முட்டிக் கிளைக்கும். புது மாட்டெருவின் மேல் எல்லாப் பழியையும் போடுவது வழக்கம். எரு போட்ட வருஷம் விதைக்காதீர்கள், சரி, அதைவிட அந்த இறுகிய அடுக்கைப் பாருங்கள்.

கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் செய்வது இது. கடப்பாரையை இரண்டடி ஆழம் இறக்கி, வட்டமாகச் சுழற்றி, வாய் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கூம்புக் குழி எடுங்கள். அதில் நிரப்புவது சலித்த பழைய கம்போஸ்ட்டும் கரகரப்பான கூர்மணலும் பாதிக்குப் பாதி. ஒரு குழிக்கு ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும், பத்து லிட்டர் வாளிக்கு ஏழெட்டுக் குழி. கலவையைக் கொட்டும்போது பாதியில் நிறுத்தி மெல்லிய குச்சியால் குத்துங்கள், உள்ளே காற்றுப்பை நின்றால் வேர் அங்கேயே திரும்பிவிடும். ஈரக் களிமண்ணில் கடப்பாரையைச் சுழற்றினால் குழிச்சுவர் மெழுகினாற்போல் பளபளக்கும், அதைக் கிளைவேர் துளைக்காது. மண் பொலபொலவென்று உதிரும் நாளாகப் பாருங்கள்.

லெஸ்டர் களிமண்:
சுவர் மெழுகும் என்பது முக்கியமான விஷயம், மார்ச்சில் இங்கே எப்போதும் அப்படித்தான். அப்படியென்றால் குழியை அக்டோபரில், மண் இன்னும் காய்ந்திருக்கும்போதே எடுத்துக் கலவையை நிரப்பிவைத்து, ஏப்ரலில் மேலே இரண்டு விரற்கடை மட்டும் புதுக் கம்போஸ்ட் போட்டு விதைக்கலாமா?

டார்பி கடப்பாரை:
தாராளமாக. குளிர்காலத்தில் கலவை ஐந்தாறு சென்டிமீட்டர் அமுங்கும், அதை ஈடுகட்டுகிற அளவு மேலே நிரப்புங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சி நட்டுவையுங்கள், ஏப்ரலில் குழியின் நடுவில்தான் விதை விழவேண்டும்.